கையில் வாள் இருந்தாலே நீதிதேவதை ஆகிவிடுமா?

கலை என்றால் ஓவியமும் சிற்பமும்தான் என்ற நினைப்போடு மறுமலர்ச்சிக் காலச் செப்புத்தகட்டு அச்சுப் படங்களைப் பார்க்க உட்கார்ந்தால் தொடக்கத்திலேயே சறுக்கிவிடும். அங்கே கலைகள் என்பவை இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்ற ஏழு, ஒவ்வொன்றையும் ஒரு பெண்ணாக வரைந்திருப்பார்கள். ஓவியத்துக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. (நம் ஆய கலைகள் 64 வேறு கணக்கு.)

அப்புறம் பெயர். 1465 வாக்கில் இத்தாலியில் வந்த 50 படங்களை 'மாந்தென்யாவின் தாரோச்சி' என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் செய்தது மாந்தென்யா என்ற ஓவியரும் இல்லை, அவை தாரோச்சி என்ற ஆட்டத்துக்கான சீட்டுகளும் இல்லை. எண் 1 பிச்சைக்காரன், 50 ஆதிகாரணம், நடுவே 21 முதல் 30 வரை கலைகள். பத்தை நிரப்ப வேண்டுமே என்று கவிதை, தத்துவம், இறையியல் மூன்றையும் ஏழோடு சேர்த்துவிட்டார்கள்.

பெரிய தவறு, கையில் இருக்கும் ஒரு பொருளை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்வது. வாளோடு நிற்பவளை நீதி என்று சொல்லிவிடுவோம், ஆனால் இந்தத் தொகுதியில் சொல்வன்மையும் வாள்தான் பிடித்திருக்கிறாள், பக்கத்தில் இரண்டு குழந்தைகள் எக்காளம் ஊதுவதைப் பார்த்தால்தான் தெரியும். இலக்கணக் கிழவியின் கையில் அரம்! தச்சு வேலைக்கு இல்லை, 5-ஆம் நூற்றாண்டு லத்தீன் எழுத்தாளர் மார்தியானுஸ் கப்பெல்லா எழுதியபடி நாக்கின் கோளாறை அராவி எடுக்க. இதற்கெல்லாம் செசாரே ரீப்பாவின் குறியீட்டு அகராதியைப் புரட்டுபவர்களும் உண்டு. அது வந்தது 1593-இல், படங்களோடு வந்தது 1603-இல். நூறு வருஷத்துக்கு முந்தைய செதுக்கர் அதை எப்படிப் படித்திருப்பார்?

இடது கை, வலது கை என்று அர்த்தம் தேடுவதும் வீண். தகட்டில் வெட்டியது தாளில் திரும்பித்தான் விழும், ஒரு அச்சைப் பார்த்து இன்னொருவர் அப்படியே நகல் வெட்டினால் கை மாறிவிடும்.

அலங்காரச் சுருள்களில் வரும் பாம்பு, நத்தை, பாதி மனிதன் எல்லாவற்றுக்கும் பொருள் சொல்ல முயல்வதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. 1480 வாக்கில் ரோமில் பேரரசன் நீரோவின் புதைந்த மாளிகையில் இறங்கிப் பார்த்தவர்கள் சுவர்களில் கண்டெடுத்த அலங்கார விளையாட்டு அது. பொற்கொல்லராகவே இருந்த பிரெஞ்சுச் செதுக்கர் எத்தியென் தெலோன் போன்றவர்களின் குட்டிக் குட்டித் தகடுகளும் மற்ற பொற்கொல்லர்களுக்கு மாதிரிப் படங்களாகப் போனவைதான். ஒரு பெட்டி மூடியின் ஓரத்தை நிரப்ப நத்தை வேண்டுமென்றால் நத்தை, அவ்வளவுதான்.