ஆங்கிலக் கொச்சைச் சொல்லின் பிறப்பைத் தேடுவது எப்படி: ‘போஷ்’ சொல்லை முன்வைத்து

மதுரையில் கே.கே. நகரைப் பற்றிப் பேச்சு வந்தால், “அது போஷான ஏரியா” என்று சொல்பவர்கள் உண்டு. வசதியும் பகட்டும் சேர்ந்த நிலையைக் குறிக்கும் இந்த ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொல்லின் பிறப்பைத் தேட விரும்புபவர், அது எந்த வாக்கியத்தில் எந்தப் பொருளில் வழங்குகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அதே எழுத்துக்கூட்டலில் வேறு பொருள் கொண்ட பழைய சொற்கள் பின்னர் குறுக்கிடும்.

அடுத்து, அந்தச் சொல்லைப் பற்றி வழங்கும் கதையைத் தனியே எழுதி வையுங்கள். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்க அறைகளும், திரும்பும்போது வலப்பக்க அறைகளும் வெயில் படாதவை என்பதால் செல்வந்தர்கள் அவற்றையே கேட்டுப் பெற்றனர் என்றும், ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ (போகையில் இடப்பக்கம், திரும்புகையில் வலப்பக்கம்) என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான P.O.S.H. என்பதைப் பி அண்ட் ஓ என்னும் பிரிட்டிஷ் கப்பல் நிறுவனம் அவர்களுடைய பயணச்சீட்டில் முத்திரையிட்டது என்றும் போஷுக்கு ஒரு கதை உண்டு. மாட்டுத்தாவணியில் பிற்பகலில் திருச்சி பஸ் ஏறி, வெயிலுக்குப் பயந்து வலப்பக்க ஜன்னலைப் பிடிப்பவர்கள் இதை உடனே நம்பிவிடுவார்கள். ஆனால் அத்தகைய முத்திரை கொண்ட சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. பொதுவாகவே, முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லப்படும் விளக்கங்களைச் சந்தேகத்துடன் அணுகுவது நல்லது. முதல் உலகப் போருக்கு முன் ஆங்கிலத்தில் அவ்வாறு சொற்கள் பிறந்தது அரிது.

ஆண்டுகளை ஒப்பிடுவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்துள்ள மிகப் பழைய அச்சுச் சான்றை ஆண்டுடன் தருகிறது. பகட்டானது என்னும் பொருளில் போஷ் 1914இலேயே அச்சேறிவிட்டது. 1918 செப்டம்பரில் ‘பஞ்ச்’ என்னும் பிரிட்டிஷ் நகைச்சுவை இதழின் கேலிச்சித்திரம் ஒன்றிலும் இடம்பெற்றது. கப்பல் கதையோ 1930களில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. பிள்ளைக்குப் பின் பிறந்த தாயை யார் ஏற்பார்?

பிறகு பழைய பொருள்களுக்குச் செல்லுங்கள். ஜொனாதன் கிரீனின் கொச்சைச்சொல் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சு அகராதிகளைப் புரட்ட விரும்புவோர், புது நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டுக் கொச்சையில் போஷ் என்பது அரைப்பென்னியை, சில்லறைக் காசைக் குறித்தது; ஐரோப்பாவின் நாடோடி இனமாக அறியப்பட்ட ரோமா மக்களின் ரோமானி மொழியில் அதற்குப் ‘பாதி’ என்று பொருள். அந்த நூற்றாண்டின் இறுதியில் அது பகட்டாக உடுத்துபவனையும் குறித்தது.

காசிலிருந்து காசுக்காரனுக்குப் பொருள் தாவியிருக்கலாம் என்பது சுவையான ஊகம்தான். என்றாலும் அகராதிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே உங்கள் குறிப்பில் ரோமானி வழியை ‘இருக்கலாம்’ என்றும், கப்பல் கதையைப் ‘பிற்காலக் கட்டுக்கதை’ என்றும் பிரித்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் ஆண்டையும் இடுங்கள்.