லேசர் குழாய் வியர்த்தால்: என் அனுபவம்

வீட்டில் பொருத்திய 40 வாட் சீஓடூ (காபனீரொட்சைட்டு வாயு) லேசர் வெட்டும் இயந்திரம். 3 மில்லிமீற்றர் பிளைவூட் வெட்டும்போது டிக் டிக் என்று சத்தம், பாதியில் வெட்டு மங்கியது. மூடியின் கண்ணாடி வழியே பார்த்தால் லேசர் கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாயின் நேர்முனையில் நீலப் பொறி. உடனே பவர் சப்ளையைக் குறை சொல்ல வேண்டாம். குழாயின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் நின்றது.

காரணம், குழாயைக் குளிர்விக்க அதனுள் ஓடும் தண்ணீரின் வாளியில் போட்ட ஐஸ். மட்டக்களப்பு வாவிக்கரையில் காற்று 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதுவும் வியர்க்கும். ஆயிரக்கணக்கான வோல்ற் அந்த ஈரத்தில் தாவத்தானே செய்யும்!

பிளக்கைக் கழற்றி, சற்றுப் பொறுத்து, பிடி காப்பிட்ட கம்பியால் முனையை எர்த்துடன் தொடுத்து மின்னேற்றத்தை இறக்கிய பிறகே கைவைக்கலாம். முனையை மூடிக் காப்பிடும் சிலிக்கன் பசை கருகியிருந்தது; அதைச் சுரண்டி, ஸ்பிரிற்றால் துடைத்து, புதிதாகப் பூசி ஒரு நாள் காயவிட்டேன். வினாகிரி மணக்கும் சிலிக்கன் கூடாது, இணைப்பை அரிக்கும்.

இப்போது தண்ணீர் 27, 28 பாகை. குழாய்க்கு அது கொஞ்சம் சூடுதான். அதனால் குழாயின் மின்னோட்டம் 12 மில்லி அம்பியரைத் தாண்டுவதில்லை, இடைக்கிடை ஓய்வும் உண்டு. வாளிக்கு வடித்த நீர் மட்டும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு மின்னைக் கடத்தும்.