தலைக்கு வந்தது தலைப்பாகையோடு: உளவியல் கேள்வித்தாளைத் தமிழாக்குவது எப்படி?

உணர்ச்சிகளை எப்படிக் கையாளுகிறோம் என்று அளக்க இ.ஆர்.க்யூ. (எமோஷன் ரெகுலேஷன் கொஸ்சனர்) என்றொரு கேள்வித்தாள் உண்டு. உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ஆலிவர் ஜானும் 2003இல் வெளியிட்டது. பத்தே வாக்கியம். எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்காக ஒரே ராத்திரியில் தமிழாக்கி முடித்தேன். மறுவாரம் கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன் விற்கும் ஒரு அக்காவிடம் வாசித்துக் காட்டியபோதுதான், நான் எழுதியது தமிழே இல்லை என்று புரிந்தது. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக இந்தப் பதிவு.

படி 1: அளப்பது எதை?

ஆறு வாக்கியங்கள் (1, 3, 5, 7, 8, 10) மறுமதிப்பீட்டை அளக்கின்றன: நடந்ததை வேறு விதமாகப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்வது. மீதி நான்கும் அடக்கிவைத்தலை: உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண். பத்தையும் கூட்டி ஒரே மொத்தம் போடக் கூடாது. வாக்கிய வரிசையையும் மாற்றாதீர்கள். சந்தோஷம், கோபம் என்று உதாரணம் சொல்லி எந்த மாதிரி உணர்ச்சி என விளக்குவது 1, 3ஆம் வாக்கியங்கள்தான். அவை பின்னால் போனால் மற்றவை அந்தரத்தில் தொங்கும்.

படி 2: அனுமதி

ஏற்கெனவே தமிழ் வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்டான்ஃபோர்டில் உள்ள கிராஸின் ஆய்வகம் பல மொழிபெயர்ப்புகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. இல்லையென்றால் மெயில் போட்டுக் கேளுங்கள். கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வராமல் ஒருவரிடமும் பேசப் போகாதீர்கள்.

படி 3: போக இருவர், திரும்ப ஒருவர்

உளவியல் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர், இருவரும் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து ஒன்றாக்குங்கள். அதை, மூலத்தைப் பார்த்தேயிராத மூன்றாமவர் ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். 1970இல் உளவியலாளர் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலான முறை இது.

எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். என் குறையே அதுதான். சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான தமிழ்தான் ஆங்கிலத்துக்கு அச்சு அசலாகத் திரும்பும். “நேர்மறை உணர்ச்சி” என்று எழுதினால் அப்படியே “பாசிட்டிவ் எமோஷன்” என்று திரும்பி வரும், பத்துக்குப் பத்து. துறைமுகத்தில் “உணர்ச்சி” என்றதும் சர்க்கரை நோயுள்ள ஒரு தாத்தா காலைக் காட்டி, “இங்க உணர்ச்சியே இல்லம்மா” என்றார்.

படி 4: வாசித்துக் காட்டுங்கள்

நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்துவிட்டு, “இதுல என்ன கேக்குறாங்க? உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். கேள்வித்தாள்களை மொழிபெயர்ப்பது பற்றிய பியட்டன் குழுவின் 2000ஆம் ஆண்டு வழிகாட்டி 30 முதல் 40 பேரிடம் சோதிக்கச் சொல்கிறது.

மறுமதிப்பீட்டு வாக்கியத்தில் “என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன்” என்று எழுதியிருந்தேன்.

“எதுக்குப் பாப்பா மாத்தணும்? ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான்” என்றார் அக்கா.

“மனசை வேற பக்கம் திருப்பிக்குவேன்” என்று மாற்றிக் கேட்டேன். “ஆமா, சீரியல் போட்டுக்குவேன்.” இது கவனத்தைத் திருப்புவது, மறுமதிப்பீடு அல்ல. இரண்டையும் பிரிக்காத தமிழ் வடிவம் வேறு எதையோ அளக்கும்.

பேனாவை மூடிவிட்டு, கடைசியாக எப்போது மனசு கஷ்டப்பட்டது, எப்படித் தேற்றிக்கொண்டார் என்று கேட்டேன். “போன மாசம் வலை மொத்தமும் போச்சு. மனுஷன் முழுசா கரைக்கு வந்தாரே, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்” என்றார். மறுமதிப்பீடு என்றால் அதுவேதான். பழமொழியைக் கேள்வித்தாளில் போட முடியாது. ஆனால் “நடந்ததை வேறு விதமாக நினைத்துப் பார்ப்பேன்” என்ற வாக்கியம் அங்கிருந்துதான் கிடைத்தது. இதை இருபது பேரிடம் வாசித்தேன். யாரும் முடிவை மாற்றுவதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடக்கிவைத்தலில் வேறு சிக்கல். “அடக்கம்” நம் ஊரில் பாராட்டு. அந்தச் சொல் கண்ணில் பட்டாலே ஆமாம் போடுவார்கள். “காட்ட மாட்டேன்” என்று எழுதினாலோ, “இல்லை” என்கிற பதில் காட்டுவேன் என்றா, மாட்டேன் என்றா? “வெளியே தெரியாதபடி பார்த்துக்கொள்வேன்” என்று முடித்தால் குழப்பமில்லை.

தேவனாம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் பேச்சு 2004 சுனாமிக்குப் போய்விடும். போனால் தாளை ஓரம் வைத்துவிட்டுக் கேளுங்கள். தேவைப்பட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416ஐ எழுதிக் கொடுங்கள்.

படி 5: ஏழு கட்டம்

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 (கொஞ்சமும் ஒப்பவில்லை) முதல் 7 (முழுக்க ஒப்புகிறேன்) வரை ஓர் எண்ணைத்தான் பதிலாகக் குறிக்க வேண்டும். மூலத்தில் 1, 4, 7க்கு மட்டும்தான் பெயர் உண்டு. “ஓரளவு”, “சற்றே”, “மிதமாக” என்று மற்றவற்றுக்கும் நீங்களாகப் பெயர் சூட்டாதீர்கள். 4க்கு “நடுநிலை” என்றால் பஞ்சாயத்து நினைவுதான் வருகிறது. “ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை” என்று போட்டேன்.

படி 6: எண்கள்

குறைந்தது 200 பேரிடம் நிரப்பி வாங்கி, காரணி பகுப்பாய்வில் (எந்தெந்த வாக்கியங்களின் பதில்கள் சேர்ந்து போகின்றன என்று காட்டும் கணக்கு) வாக்கியங்கள் இரண்டு குழுவாகப் பிரிகின்றனவா என்று பாருங்கள். பதில் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க, சிலரிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி வாங்குங்கள். ஒரே குழுவின் வாக்கியங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணான க்ரோன்பாக் ஆல்பா 0.70க்கு மேல் வந்தால் நல்லது. அடக்கிவைத்தலில் நான்கே வாக்கியம் என்பதால் அங்கே குறையலாம். குறைந்ததும் ஒரு வாக்கியத்தை வெட்டிவிடக் கை பரபரக்கும். வெட்டாமல், அதை எடுத்துக்கொண்டு படி 4க்குத் திரும்பிப் போங்கள்.