பூவின் பெயர் தேடுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

செம்பருத்தி, மல்லிகை, இட்லிப்பூ என்று பத்துப் பூவுக்காவது நமக்குப் பெயர் தெரியும். பதினோராவது பூவுக்குத்தான் புத்தகம் வேண்டும்.

முதல் படி: கடையில்

நான் முதலில் வைத்திருந்தது சென்னையில் வாங்கிய இந்தியப் பூக்கள் கையேடு. படமெல்லாம் அருமை. ஆனால் மலேசியாவின் பினாங்கு மலைப்பாதையில் பார்த்த செடிகளில் பாதி அதில் இல்லை. அதனால் அட்டையில் மலேசியா அல்லது மலாயாத் தீபகற்பம் என்று இருக்கிறதா பாருங்கள்.

காட்டுப்பூக்களுக்கா, தோட்டப்பூக்களுக்கா என்பதையும் கவனியுங்கள். சிவன் கோயில் பூ என்று நாம் நினைக்கும் நாகலிங்கம் தென் அமெரிக்க மரம். நம் ஊர்க் காட்டுப்பூக் கையேட்டில் அதைத் தேடினால் கிடைக்காது.

வாங்குமுன் ஒரு சோதனை. நன்றாகத் தெரிந்த மூன்று பூக்களை, சங்குப்பூ, இட்லிப்பூ, உண்ணிப்பூ என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மறந்துவிட்டுப் படத்தையும் விளக்கத்தையும் வைத்தே தேடுங்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு பூவாவது சிக்காவிட்டால் அந்தப் புத்தகம் உங்களுக்குச் சரிப்படாது. பின்பக்க அகரவரிசைப் பட்டியலில் மலாய்ப் பெயர்கள் இருப்பது முக்கியம். பக்கத்து வீட்டில் கேட்டால் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

மரங்களுக்கு 1940-இல் வெளிவந்த, தாவரவியலாளர் கார்னரின் ‘வேசைட் ட்ரீஸ் ஆஃப் மலாயா’ என்ற நூல் இருக்கிறது. இரண்டு தொகுதி. வீட்டு அலமாரிக்குத்தான், தோள்பைக்கு அல்ல.

இரண்டாம் படி: செடியின் முன்னால்

உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். பையில் பத்து மடங்கு லென்ஸ், சின்ன அளவுகோல், பென்சில், குறிப்பேடு போதும்.

சாலையோரம், மேட்டுநிலம் என்று எங்கும் நிற்கும், மலாயில் செண்டுடுக் எனப்படும் புதர்ச்செடியை எடுத்துக்கொள்வோம். ஊதாப் பூ, பெரும்பாலும் ஐந்து இதழ். இதோடு நின்றால் ஏமாந்துவிடுவோம். அந்த நிறத்தில் பூக்கும் செடிகள் ஏராளம். இலையைப் பாருங்கள். ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கும். காம்படியில் தொடங்கி நுனிவரை மூன்று நரம்புகள், சிலசமயம் ஐந்து, வளைந்து ஓடும். பெரும்பாலான இலைகளில் இருப்பதுபோல நடுநரம்பிலிருந்து கிளை பிரிவது இல்லை. இப்போது லென்ஸை வைத்து, பூவின் நடுவே மகரந்தம் தாங்கும் கேசரங்களைப் பாருங்கள்: சில நீண்டு வளைந்து ஊதாவாகவும், சில குட்டையாய் மஞ்சளாகவும் இரண்டு விதம். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் செடியின் குடும்பம், அதாவது ஒத்த செடிகளின் பெரும்பிரிவு, பிடிபட்டது. இந்தச் செடியின் அறிவியல் பெயர் மெலஸ்டோமா, கிரேக்கத்தில் ‘கறுப்பு வாய்’ என்று பொருள். பழம் தின்ற பிள்ளையின் நாக்கைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். ஆனால் அடையாளம் காண்பதற்காக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: பக்கம் புரட்டுவது

நிறவாரியாக அடுக்கிய கையேடு புதியவர்களுக்கு எளிது. ஆனால் உங்கள் ஊதா, ஆசிரியருக்கு இளஞ்சிவப்பாக இருக்கலாம். பக்கத்து நிறத்தையும் புரட்டுங்கள். செண்டுடுக்கிலேயே அபூர்வமாக வெள்ளைப் பூவும் உண்டு.

குடும்பவாரியாக அடுக்கியது கொஞ்சம் பழக வேண்டும். பழகிவிட்டால் அதுதான் வேகம். இட்லிப்பூச் செடியில் எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டில் ஒரு சின்ன முக்கோணச் செதில் இருக்கும். காப்பிச் செடியிலும் அதே செதில். இரண்டும் ஒரே குடும்பம்.

படம் ஒத்துப்போனதும் துள்ளாதீர்கள். விளக்கத்தைப் படியுங்கள், பூவின் அகலத்தை அளவுகோலால் பாருங்கள். ஒரு விவரம் இடித்தாலும் அடுத்த பக்கம்தான்.

பழகுவதற்கு இடம்

தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் வாட்டர்ஃபால் சாலையிலேயே, 1884-இல் தொடங்கிய பினாங்குத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. பெயர்ப்பலகை உள்ள மரமாகப் பார்த்து, பலகையைப் படிக்காமல் தேடுங்கள், அப்புறம் சரிபாருங்கள். பூவைப் பறிக்க வேண்டாம். முன்பக்கம், பக்கவாட்டு, இலையின் அடிப்பக்கம், முழுச் செடி என்று நான்கு படம் போதும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகளுக்கு அதில் தின்பண்டம் என்றுதான் எண்ணம்.

கண்டுபிடித்த பூவுக்குப் புத்தக ஓரத்தில் தேதியும் இடமும் எழுதுங்கள். பெயர் கிடைக்காததற்குக் குறிப்பேட்டில் கேள்விக்குறி. மலைப்பாதையில் பார்த்த ஒரு வெள்ளைப் பூவுக்கு என் குறிப்பேட்டில் இன்னும் அதுதான் நிற்கிறது.