காலி லைனை அளந்து ஏமாறுவது: நெட்வொர்க் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பையன் ஒரு புகாரைப் பார்த்துவிட்டு வந்து நின்றான். "அண்ணா, செக் பண்ணிட்டேன். பிங் 11 மில்லிசெகண்ட், ஒரு பேக்கெட்கூட விழல. ஸ்பீட் டெஸ்ட்டும் ஃபுல்லா வருது. நெட்வொர்க்ல ஒண்ணுமில்ல, அவங்க சாஃப்ட்வேர்லதான் ஏதோ இருக்கு."

(பிங் என்பது ஒரு சிறு தரவுத் துண்டு, அதாவது பேக்கெட், போய்வர ஆகும் நேரம். பேக்கெட் விழுவது, லாஸ் என்பதெல்லாம் அது வழியில் தொலைவது.) எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று கேட்டேன்.

"காலைல ஏழரைக்கு. ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே போயிட்டேன், டெஸ்ட்டுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுல்ல."

சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இதையே நான் ஒரு வாடிக்கையாளரிடம் வேறு வார்த்தைகளில் சொல்லி, அவர் பணத்தைத் தண்டமாக்கியிருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்வது, வைஃபையில் அளந்துவிட்டு லைனைத் திட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. முதல் மாதத்திலேயே யாராவது தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கருவி ஒழுங்காக ஓடும், எண்ணும் சரியாகவே வரும், ஆனால் அதை வைத்து எடுக்கும் முடிவு கோணலாகப் போகும். அந்த வகைத் தவறுகள்தான் இங்கே.

## 941-க்குப் பதறுவது, 94-க்குப் பதறாதது

செகண்டுக்கு 1000 மெகாபிட் (எம்பிபிஎஸ்) போகும் ஜிகாபிட் லிங்க்கில், வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற கருவியை ஓட்டினால் 941 எம்பிபிஎஸ் வரும். மீதி 59 எங்கே என்று ஒரு முழு மதியத்தை நான் செலவழித்திருக்கிறேன். எங்கும் போகவில்லை. 1500 பைட் பேக்கெட்டில் முகவரி விவரம் இருக்கும் ஐபி ஹெடர், தரவு ஒழுங்காகச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி முறையின் ஹெடர், டைம்ஸ்டாம்ப் எல்லாம் போக நம் தரவுக்குக் கிடைப்பது 1448 பைட். வயரிலோ ஈதர்நெட் ஹெடர், முன்னால் வரும் பிரீஆம்பிள், ஃபிரேம்களுக்கு நடுவே விடும் இடைவெளி ஆகியவற்றையும் சேர்த்து 1538 பைட்டுக்கான நேரம் செலவாகிறது. 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.941. அந்த எண் வந்தால் லைன் முழு மூச்சில் ஓடுகிறது என்று அர்த்தம்.

அதே இடத்தில் 94 வந்தால்தான் கேபிளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி கனெக்டரில் சரியாக உட்காராவிட்டால் பல கார்டுகள் சத்தமே இல்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். பிங் அடித்தால் எல்லாம் அருமையாகத்தான் தெரியும்.

## டிரேஸ்ரூட்டின் நடுவில் லாஸ்

பேக்கெட் எந்தெந்த ரவுட்டர் (ஹாப்) வழியாகப் போகிறது என்று காட்டுவது டிரேஸ்ரூட், அதையே திரும்பத் திரும்பச் செய்யும் கருவி எம்டிஆர். ஐந்தாவது ஹாப்பில் 40 சதவீதம் லாஸ், ஆறிலிருந்து கடைசி வரை பூஜ்யம். இந்த எம்டிஆர் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு இணைய நிறுவனத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். ரவுட்டர் பேக்கெட்டை அடுத்த இடத்துக்குத் தள்ளுவது வன்பொருளில் நடக்கும் வேலை. உங்கள் டிரேஸ்ரூட்டுக்குப் பதில் எழுதுவதோ அதன் சிபியூவின் வேலை, அதற்கு அது ஒரு வரம்பு வைத்திருக்கும். வேலை மும்முரத்தில் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். லாஸ் ஒரு ஹாப்பில் தொடங்கிக் கடைசி வரை தொடர்ந்தால் மட்டும் பேச்சை எடுங்கள்.

## யூடிபி சோதனையில் 1 எம்பிபிஎஸ்

யூடிபி, டிசிபி மாதிரித் தானாக வேகத்தைச் சரிசெய்துகொள்ளாத முறை. சோதனையில் 1 எம்பிபிஎஸ் வந்தால் அது லைனின் வேகம் இல்லை. நீங்கள் வேகம் எதையும் சொல்லாததால் ஐபெர்ஃப்3 தானாக வைத்துக்கொண்ட வேகம்.

## காலி லைனை அளப்பது

இனி அந்தக் கதை.

நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம். டவுன்லோட் 100, அப்லோட் 10 எம்பிபிஎஸ். பகலில் வீடியோ கால் பேசினால் குரல் உடைகிறது, எதிர்முனையில் இருப்பவருக்கு ரோபோ பேசுவதுபோல் கேட்கிறது என்று புகார். நான் போனது சாயங்காலம் ஆறரைக்கு மேல். வேலை நேரத்தில் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். பிங் 12 மில்லிசெகண்ட். ஸ்பீட் டெஸ்ட்டில் 10-க்கு 9.6. ரவுட்டரின் பயன்பாட்டு கிராஃபைப் பார்த்தேன், அப்லோட் பகல் முழுக்க 30 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இந்த மூன்றையும் பார்த்தவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? லைனில் இடம் நிறைய இருக்கிறது, சிக்கல் வேறெங்கோ இருக்கிறது, நாளைக்குப் பகலில் வருகிறேன் என்று. ஆனால் உரிமையாளர் எதிரில் உட்கார்ந்து "இப்ப என்னதாங்க பண்றது?" என்று கேட்டபோது, தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "லைனை டபுள் பண்ணிப் பாருங்க" என்றேன்.

டபுள் பண்ணினார்கள். 200-க்கு 20, ஒரு வருட ஒப்பந்தம். முதல் வாரம் போன் செய்தேன், "கொஞ்சம் பரவாயில்லைங்க" என்றார்கள். அந்தப் பரவாயில்லைதான் என்னை மேலும் கெடுத்தது. நாம் சொன்னது சரிதான் என்று நினைத்துவிட்டேன். அடுத்த மாதமே பழைய புகார் திரும்பி வந்தது. அதற்கப்புறம் பல மாதம் வீடியோ கால் சாஃப்ட்வேரையும் ஹெட்செட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அதற்கு ஆன செலவும் என் கணக்கில்தான் வர வேண்டும்.

வேறு ஒரு வேலையாக அங்கே போன அன்று பதினொன்றரை மணி இருக்கும். லேப்டாப்பில் ஒரு பிங் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. 12, 13, 12, 12. திடீரென்று 380, 410, 430, 415. இருபது செகண்ட் அப்படியே. மறுபடி 12. ஒரு பேக்கெட்கூடத் தொலையவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால், டிசைனர் ஒருவர் அப்போதுதான் ஒரு பெரிய ஃபைலை சேமித்திருக்கிறார். அது கிளவுடுக்கு சிங்க் ஆகிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். வழக்கமான டிசிபி, எங்காவது ஒரு பேக்கெட் விழும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். விழுந்தால்தான் "சரி, பாதை நிரம்பிவிட்டது" என்று அதற்குப் புரியும். மோடம் செய்தவர்கள் ஒரு பேக்கெட்கூட விழக் கூடாது என்று பேக்கெட்டுகள் காத்திருக்கும் இடமான பஃபரைப் பெரிதாக வைத்துவிட்டார்கள். டிசிபிக்குத் தகவல் போகவில்லை, பஃபர் நிரம்பிக்கொண்டே இருக்கிறது, குரல் பேக்கெட் வந்து அந்த நீண்ட வரிசையின் வாலில் நிற்கிறது. பஃபர் 1 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 8 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் லைனில் அதை வடிக்க 0.8 செகண்ட் ஆகும். லைனை 20 ஆக்கினால் 0.4 செகண்ட். அவர்கள் சொன்ன பரவாயில்லை எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது, தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும் ஐடியூ-டியின் ஜி.114 பரிந்துரை. 800 என்பது 400 ஆனதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. இன்னொரு மடங்கு வாங்கியிருந்தாலும் 200-தான்.

கிராஃப் ஏன் காட்டவில்லை? அது ஐந்து நிமிட சராசரி. 300 செகண்டில் 20 செகண்ட் லைன் முட்டி நின்றால் சராசரியில் அது 7 சதவீதம்கூட இல்லை. பேசிக்கொண்டிருந்தவருக்கோ அந்த இருபது செகண்டில்தான் கால் நாசமாகிறது.

இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே இதைத் துரத்திப் பிடித்து 2010-ல் பேசத் தொடங்கினார். 2012-ல் நெட்வொர்க் ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பேக்கெட் அதில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிற முறை. காத்திருப்பு 5 மில்லிசெகண்டைத் தாண்டி, 100 மில்லிசெகண்ட் வரை இறங்காமலே இருந்தால், ஒன்றைக் கீழே போட்டு டிசிபிக்குச் சொல்லிவிடும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுக்கும் எஃப்கியூ-கோடெல் 2018-ல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. அதே ஆண்டு, இதோடு வேகத்தையும் கட்டுப்படுத்தும் கேக் என்ற முறை லினக்ஸ் 4.19-ல் சேர்ந்தது.

நான் கடைசியில் செய்த வேலை பத்து நிமிடம்கூட இல்லை. ரவுட்டரில் கேக்கைப் போட்டு, அப்லோடை 20-க்குப் பதில் 18 எம்பிபிஎஸ்ஸில் கட்டிவைத்தேன். இதைப் பலர் புரிந்துகொள்வதில்லை: வேண்டுமென்றே கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால்தான் வரிசை மோடத்தில் சேராமல் நம் ரவுட்டரில் சேரும். நம் கையில் இருக்கும் வரிசையைத்தானே நாம் ஒழுங்குபடுத்த முடியும். அதன் பிறகு அப்லோட் ஓடும்போதும் பிங் 25-ஐத் தாண்டவில்லை. பழைய 10 எம்பிபிஎஸ் லைனிலேயே இதைச் செய்திருக்கலாம் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே பிங்கைத் தனியாக, ஸ்பீட் டெஸ்ட்டைத் தனியாக ஓட்டாதீர்கள். ஒரு விண்டோவில் பிங் ஓடட்டும், இன்னொன்றில் ஐபெர்ஃப்3 வைத்து அப்லோடை நிரப்புங்கள். பிறகு ரிவர்ஸ் ஆப்ஷன் போட்டு டவுன்லோடை. அப்புறம் இரண்டையும் சேர்த்து. ஐபெர்ஃப்3 தானாக ஓடும் 10 செகண்ட் போதாது, ஒரு நிமிடமாவது விடுங்கள். இதையே ஒரே கட்டளையில் செய்ய டோக்கே ஹொய்லாண்ட்-யோர்கன்சன் எழுதிய ஃப்ளெண்ட் இருக்கிறது. அதன் ஆர்ஆர்யூஎல் சோதனை மேலே நான்கு, கீழே நான்கு டிசிபி ஓட்டங்களை விட்டு, நடுவே தாமதம் எப்படித் துடிக்கிறது என்று கிராஃப் வரைந்து கொடுக்கும். 2021-லிருந்து மேக்கில் நெட்வொர்க்குவாலிட்டி என்ற கட்டளையே உள்ளே வருகிறது. சுமையின்போது நிமிடத்துக்கு எத்தனை ரவுண்ட் டிரிப் போய் வருகிறது என்று ஓர் எண்ணைச் சொல்லும். எண் பெரிதாக இருந்தால் நல்லது.

நம் பையனை அதே இடத்துக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு அனுப்பினேன். "600-ஐத் தாண்டுதுண்ணா, ஆனா லாஸ் மட்டும் இல்ல" என்று போன் வந்தது. லாஸ் இல்லை என்பதை இன்னும் நல்ல செய்தி மாதிரிதான் சொல்கிறான்.

## 32 பிட் கவுண்ட்டர்

சராசரியாவது உண்மையைக் கொஞ்சம் மறைக்கும், இது பச்சைப் பொய்யே சொல்லும். நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி முறையில் பைட்டுகளை எண்ணும் பழைய கவுண்ட்டர் 32 பிட். 1 ஜிபிபிஎஸ் (செகண்டுக்கு ஒரு ஜிகாபிட்) முழுதாக ஓடினால் 34 செகண்டில் அது ஒரு சுற்று சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நீங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் எத்தனை சுற்று போனது என்று யாருக்குத் தெரியும்? கிராஃப் மட்டும் அழகாக வரும். 64 பிட் கவுண்ட்டரைக் கேளுங்கள்.

## பக்கத்து மேசையில் அளந்து, தூரத்துக்கு உறுதி கொடுப்பது

பக்கத்தில் இருக்கும் இரண்டு மெஷினுக்கு நடுவே அளந்து "லைன் சுத்தம்" என்று எழுதிக் கொடுப்பார்கள். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகிறது. 1000 கிலோமீட்டர் போய்வர குறைந்தது 10 மில்லிசெகண்ட், இதைக் குறைக்க எந்தக் கடையிலும் பெட்டி கிடையாது. போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகும் பாதையில் 1 ஜிபிபிஎஸ் முழுதாக ஓட, 12.5 மெகாபைட் எப்போதும் வழியில் பறந்துகொண்டிருக்க வேண்டும். டிசிபி விண்டோ (பதில் வருவதற்குள் அனுப்பக்கூடிய அளவு) எங்காவது 64 கிலோபைட்டில் சிக்கிக்கொண்டால், எவ்வளவு பெரிய லைன் வாங்கினாலும் 5 எம்பிபிஎஸ் சொச்சம்தான்.

லாஸும் அப்படித்தான். 1997-ல் மேத்திஸும் உடன் எழுதியவர்களும் கொடுத்த சூத்திரப்படி, பழைய ரீனோ வகை டிசிபியின் வேகம் தாமதத்துக்கும் லாஸின் வர்க்கமூலத்துக்கும் எதிர்விகிதத்தில் போகும். பத்தாயிரத்தில் ஒரு பேக்கெட் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிசெகண்ட் தூரத்தில் ஜிகாபிட்டை நிரப்ப அது தடையே இல்லை. 100 மில்லிசெகண்ட் தூரத்தில் ஓர் இணைப்புக்கு 12, 14 எம்பிபிஎஸ்தான் தேறும். இப்போது லினக்ஸில் இருக்கும் கியூபிக் வகை டிசிபி கொஞ்சம் மேல், ஆனால் அதுவும் மாயம் செய்யாது. ஆராய்ச்சி நெட்வொர்க்குகளை நடத்தும் ஈஎஸ்நெட், ஜியான்ட், இன்டர்நெட்2 போன்றவை சேர்ந்து பெர்ஃப்சோனார் என்ற திட்டத்தை நடத்துவதே இதற்காகத்தான். இரு முனையிலும் ஒரு மெஷின் வைத்து, ராப்பகலாக ஒன்றையொன்று அளந்துகொண்டே இருக்கும். ஒருமுறை அளந்துவிட்டுக் கிளம்பும் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து.

## ஃபைல் காப்பியை நெட்வொர்க் சோதனை என்பது

டிஸ்க்கை அளந்திருக்கிறீர்கள்.

## டிசிபிடம்ப்பில் 1500-ஐத் தாண்டிய பேக்கெட்

டிசிபிடம்ப்பும் வயர்ஷார்க்கும் போகும் வரும் பேக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவிகள். 1500 பைட்டைத் தாண்டியிருந்தால் பயப்பட வேண்டாம். பெரிய துண்டை நெட்வொர்க் கார்டு வெட்டுவதற்கு முன்போ, வந்த துண்டுகளை ஒட்டிய பிறகோ பிடித்திருக்கிறீர்கள். வெளியே போகும் பேக்கெட்டில் செக்சம் (பிழை கண்டுபிடிக்கும் எண்) தப்பு என்று வயர்ஷார்க் காட்டுவதும் பெரும்பாலும் இதே வகை, கார்டு அதை இன்னும் போடவில்லை.

## கிடைத்த கர்னல் செட்டிங்கை ஒட்டுவது

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் டிசிபி-டிடபிள்யூ-ரீசைக்கிள் என்ற செட்டிங்கை ஒன்று ஆக்கினால் சர்வர் பறக்கும் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருந்தார்கள். ஒரே நேட்டுக்குப் பின்னால் (ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டு) இருந்த பல பயனர்களில் சிலருக்கு மட்டும் இணைப்பு கிடைக்காமல் போனது, அதுவும் விட்டு விட்டு. 2017-ல் லினக்ஸ் 4.12 அதை அடியோடு எடுத்துவிட்டது. அந்த வரி இன்னும் காப்பியாகிக்கொண்டுதான் இருக்கிறது.

## இரண்டை ஒரே நேரத்தில் மாற்றுவது

ஒருமுறை கேபிளையும் ஸ்விட்ச்சின் ஃபர்ம்வேரையும் ஒரே ராத்திரியில் மாற்றினேன். சரியாகிவிட்டது. எதனால் சரியானது என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பழைய கேபிள் என் மேசை டிராயரில் கிடக்கிறது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, எங்காவது செருகிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.