அகராதியைத் தனியாக வையுங்கள்: பலர் பயன்படுத்தும் செயலிக்கு ஒரு செய்முறை

முன்பு ஒரு நிறுவனத்துக்கு எழுதிய செயலியில் ஒரு நாள் மதியம் டேட்டா கெட்டுப்போனது. முந்தைய இரவு எடுத்த பேக்கப்பை ஏற்றினோம். டேட்டா திரும்பி வந்தது. ஆனால் அன்று காலையில் திருத்திய திரைப் பெயர்களும் புதிதாகச் சேர்த்த தேர்வுப் பட்டியலும் போய்விட்டன. டேட்டாவையும் அதைப் பற்றிய இந்த விவரங்களையும் ஒரே இடத்தில் கலந்து வைத்திருந்ததுதான் காரணம்.

அகராதி என்று நான் சொல்வது, டேட்டாவைப் பற்றிய விவரங்களை. எந்த டேபிளில் என்ன புலம் (நெடுவரிசை), திரையில் அதற்கு என்ன பெயர், எத்தனை எழுத்து, கட்டாயமா இல்லையா, தேர்வுப் பட்டியலில் என்னென்ன வரும் என்பவை எல்லாம் இதில் அடங்கும். நாம் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ், தன் டேபிள்களைப் பற்றிய குறிப்பேடாகத் தனக்கென்று உள்ளே ஒரு கேட்டலாக் வைத்திருக்கிறது. அதில் நாம் கை வைக்கப் போவதில்லை. நம் செயலி படிக்கும் அகராதியை மட்டும் பிரிக்கப் போகிறோம்.

முதல் படி: ஒரே டேட்டாபேஸுக்குள் இரண்டு ஸ்கீமா, அதாவது டேபிள்களைப் பிரித்து வைக்கும் இரண்டு அறைகள். 'கிரியேட் ஸ்கீமா அகராதி', 'கிரியேட் ஸ்கீமா தரவு', அவ்வளவுதான். கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். 'அகராதி' என்பதில் அ, க, ர, துணைக்கால், த, இகரக் குறி என 6 குறியீடுகள், ஆக 18 பைட். 21 குறியீட்டைத் தாண்டினால் பெயர் வெட்டப்பட்டுவிடும்.

அடுத்து, அகராதிக்குள் 'புலங்கள்' என்று ஒரு டேபிள். அதில் ஒரு வரிசை இப்படி இருக்கும்: டேபிள் 'வாடிக்கையாளர்', புலம் 'எண்1', திரைப் பெயர் 'தொலைபேசி', நீளம் 15, கட்டாயம் 'ஆம்'. கூடவே 'பதிப்பு' என்று, ஓர் எண்ணை வைத்திருக்கும் ஒரே ஒரு வரிசை கொண்ட டேபிளும் வேண்டும். அகராதியில் எதை மாற்றினாலும், அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அந்த எண்ணை ஒன்று கூட்டுங்கள்; அப்போது இரண்டு மாற்றமும் சேர்ந்தே நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது.

மூன்றாவது, அனுமதி. பலர் பயன்படுத்தும் செயலியில் பிரித்ததன் முழுப் பலன் இங்கேதான் கிடைக்கிறது. சாதாரணப் பயனர்களின் ரோலுக்கு (அனுமதிகளைப் பெறும் பயனர் பெயருக்கு) அகராதி டேபிள்களில் 'செலக்ட்' (படிக்க) மட்டும் கொடுங்கள்; தரவில் 'செலக்ட்', 'இன்சர்ட்' (சேர்க்க), 'அப்டேட்' (மாற்ற), 'டெலீட்' (அழிக்க) நான்கும் கொடுங்கள். புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டேபிளுக்கு அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, ஸ்கீமாவுக்கும் 'யூசேஜ்', அதாவது அதற்குள் நுழையும் அனுமதி, கொடுக்க வேண்டும். பின்னால் உருவாக்கும் டேபிள்களுக்குத் தானாகவே அனுமதி போய்ச் சேர 'ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்' இருக்கிறது.

சரி, செயலி என்ன செய்ய வேண்டும்? உள்ளே நுழையும்போது அகராதியை ஒரு முறை படித்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பதிப்பு எண்ணோடு. மாற்றம் நடந்தால் 'நோட்டிஃபை' என்ற போஸ்ட்கிரெஸின் அறிவிப்புக் கட்டளை மூலம் எல்லாருக்கும் சொல்லலாம். அந்த நேரத்தில் இணைப்பு அறுந்திருந்தவருக்கு அது போய்ச் சேராது. அதனால் சேமிக்கும் முன் பதிப்பு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் அகராதியை மறுபடி படிக்கட்டும்.

புதிய புலம் சேர்க்கும்போது முதலில் தரவு டேபிளில் சேருங்கள், அப்புறம் அகராதியில். நீக்கும்போது தலைகீழாக. டேபிளின் அமைப்பை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' கட்டளை பெரும்பாலும் டேபிள் முழுவதையும் பூட்டிவிடும், படிப்பவர்கள்கூட நிற்க வேண்டியதுதான். யாரோ ஒருவர் முடிக்காமல் விட்ட டிரான்சாக்‌ஷனுக்காக அது காத்திருந்தால், அதற்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் 'லாக் டைம்அவுட்' 3 விநாடி என்று வைத்துக்கொண்டு முயலுங்கள். கிடைக்காவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: 'நாட் நல்' (காலியாக இருக்கக் கூடாது), ஃபாரின் கீ (இன்னொரு டேபிளில் இருக்கும் மதிப்பையே சுட்ட வேண்டும்) போன்ற கட்டுப்பாடுகளை அகராதியை நம்பி விட்டுவிடாதீர்கள். அவை தரவு டேபிள்களிலேயே இருக்க வேண்டும். செயலியைத் தொடாமல் நேரடியாக வருகிற டேட்டாவை அகராதியால் தடுக்க முடியாது.

கடைசியாக பேக்கப். பேக்கப் எடுக்கும் 'பிஜி டம்ப்' கட்டளையில் ஸ்கீமா பெயரைக் கொடுத்தால் அதை மட்டும் தனியாக எடுக்கலாம். இரண்டையும் தனித்தனிக் கோப்பாக எடுங்கள். தரவு டேபிள்கள் அகராதியின் தேர்வுப் பட்டியலை ஃபாரின் கீயாகச் சுட்டினால், காலி டேட்டாபேஸில் ஏற்றும்போது அகராதியை முதலில் ஏற்ற வேண்டும். பட்டியலிலிருந்து எந்தத் தேர்வையும் அழிக்காதீர்கள். 'செயலில் இல்லை' என்று குறித்தால் போதும். பழைய பேக்கப்பில் இருக்கும் வரிசைகள் அந்தத் தேர்வைத் தேடி வரும்.