பாம் மரத்துல எது நல்லா குளிர் தாங்கும்? லேபிள் நம்பர நம்பாம ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி

நர்சரில ஒரு பாம் (பனை, தென்னை, ஈச்சை குடும்பத்து மரம்) கன்னுல "மைனஸ் 10 வரை தாங்கும்"னு லேபிள் தொங்கும் (இங்க வர்ற நம்பரெல்லாம் செல்சியஸ் டிகிரி), பக்கத்துல இருக்குறதுல "மைனஸ் 12"னு இருக்கும், உடனே ரெண்டாவதுதான் கெட்டின்னு தூக்கிட்டு வந்துடாதீங்க. அந்த நம்பர் எதப் பத்தினதுன்னு லேபிள் சொல்லவே சொல்லாது. ஓலை கருக ஆரம்பிக்கிற குளிரா, ஓலை பூரா போனாலும் குருத்து பொழைச்சுக்கிற குளிரா, இல்ல மரமே செத்துப்போற குளிரா? மூணும் வேற வேற, ஒரே மரத்துலயே மொதலுக்கும் மூணாவதுக்கும் நடுவுல நாலஞ்சு டிகிரி இடைவெளி சாதாரணமா இருக்கும். ஒருத்தர் ஓலை கருகுற நம்பரச் சொல்லுவார், இன்னொருத்தர் மரம் சாகுற நம்பரச் சொல்லுவார், நாம ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுட்டு இருப்போம்.

அதனால ஒரு நோட்டுல ஒவ்வொரு வகைக்கும் மூணு கட்டம் போட்டுக்கோங்க. ஓலை கருகுறது, ஓலை முழுசா போறது, மரம் சாகுறது. எங்க படிச்சாலும் யார்கிட்ட கேட்டாலும் அந்த நம்பர் எந்தக் கட்டத்துக்குன்னு தெரிஞ்சா மட்டும் எழுதுங்க, தெரியலன்னா விட்டுடுங்க. உதாரணத்துக்கு கேனரி ஈச்சை, அந்தப் பெரிய தலையோட கம்பீரமா நிக்குமே அது, மைனஸ் 6, 7லயே ஓலை கருக ஆரம்பிச்சுடும், ஆனா ஓலை பூரா போனாலும் குருத்து நல்லா இருந்தா அடுத்த வெயில் காலத்துல மறுபடி கொண்டை வச்சுடும். அழகுக்கு வளக்குறவங்களுக்கு மொதல் நம்பர் முக்கியம், மரம் உசுரோட இருந்தா போதும்னா மூணாவது நம்பர்.

பாமுக்கு மட்டும் ஏன் இவ்ளோ கணக்குன்னா, மத்த மரம் குளிர்ல கிளை கருகினாலும் எங்கயாவது ஒரு கணுவுல துளிர்த்துடும், பாமுக்கு அந்த வசதி இல்ல. பெரும்பாலும் ஒரு தண்டுக்கு ஒரே குருத்து, அது போச்சுன்னா அந்தத் தண்டு அவ்ளோதான். தண்டுல அடிபட்டாலும் புதுத் திசு வளந்து மூடாது, காயம் கடைசி வரைக்கும் காயமாவே நிக்கும். கேமராப்ஸ் (மத்தியதரைக் கடல் பக்கத்துக் குட்டைப் பாம்), நீடில் பாம் மாதிரி தூர்ல பக்கக்கன்னு விட்டுக் கொத்தா வளர்றதுக்கு மட்டும் ஒரு தண்டு போனாலும் இன்னொண்ணு வரும். இதையும் நோட்டுல ஓரமா எழுதிக்கோங்க, தனித்தண்டா கொத்தான்னு.

சரி, எது எங்க நிக்குதுன்னு பாப்போம். கீழ சொல்றதெல்லாம் நல்லா வேர் புடிச்ச, வயசான மரத்துக்குச் சுமாரான கணக்கு. மொத இடம் நீடில் பாமுக்குத்தான், அமெரிக்காவோட தென்கிழக்குப் பகுதிச் செடி, புதர் மாதிரி குட்டையா இருக்கும், மைனஸ் 20 வரைக்கும் தாங்கும்னு பேரு. அடுத்தது சபால் மைனர், மைனஸ் 18 பக்கம், இதோட தண்டு பெரும்பாலும் மண்ணுக்குள்ளயே இருக்கும், குருத்தும் மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கும், ரகசியம் அதான். ஆள் உயரத்துக்கு மேல தண்டு விட்டு நிக்கிற பாம்கள்ல ட்ராக்கிகார்பஸ் ஃபார்ச்சுனைதான் ராஜா, சீனால இருந்து வந்தது, தண்டு பூரா நார் சுத்தியிருக்கும், மைனஸ் 15 பக்கம் வரைக்கும் சமாளிக்கும். சுவிட்சர்லாந்தோட தெற்குப் பகுதில இது தோட்டத்துலேருந்து தப்பிச்சுக் காட்டுக்குள்ள பரவி, 2024 செப்டம்பர்லேருந்து விக்கவே கூடாதுன்னு தடை போடுற அளவுக்குப் போயிடுச்சு, குளிர் தாங்குதுங்கறதுக்கு இதவிட சர்ட்டிபிகேட் வேணுமா?

அதுக்குக் கீழ மைனஸ் 10, 12 வட்டாரத்துல கேமராப்ஸ், பியூட்டியா, சிலி நாட்டு ஜுபேயா. சிறகு மாதிரி ஓலை வேணும்னு ஆசப்படுறவங்களுக்கு பியூட்டியாவும் ஜுபேயாவும்தான் நல்ல சாய்ஸ், ஆனா ஜுபேயா வளர்றதுக்குள்ள உங்களுக்கு வயசாயிடும். குவீன் பாம் மைனஸ் 4, 5லயே தள்ளாட ஆரம்பிச்சுடும். தென்னை, பாக்கு எல்லாம் இந்தப் போட்டிலயே கிடையாது, உறைபனின்னாலே ஆகாது. அப்பறம் சைகஸ், கார்டிலைன் ரெண்டையும் பாம்னு சொல்லி விப்பாங்க, ரெண்டும் பாமே இல்ல, இந்த நோட்டுல சேக்காதீங்க.

இப்போ இந்த நம்பரெல்லாம் எப்போ பொய்யாகும்னு பாக்கணும், முக்கியமான மேட்டரே இதுதான். விடியக்காலைல ரெண்டு மணி நேரம் மைனஸ் 8 தொட்டுட்டு பத்து மணிக்கெல்லாம் வெயில் வந்து சூடாயிட்டா அது ஒரு குளிர், மூணு நாள் பகல்லகூட சைபருக்கு மேல ஏறாம மைனஸ் 5லயே நின்னா அது வேற குளிர், ரெண்டாவதுதான் மரத்தக் கொல்லும், ஏன்னா மெதுமெதுவா குளிர் தண்டுக்குள்ள இறங்கிக் குருத்தோட அடி வரைக்கும் போயிடும். அடுத்தது ஈரம். வறண்ட பாலைவனத்துலேருந்து வந்த வகை காஞ்ச குளிர அசால்ட்டா தாங்கும், அதையே மழைக் குளிர்ல வச்சா கொண்டைக்குள்ள தண்ணி தேங்கி, அது உறைஞ்சு, அப்பறம் அழுகல் புடிச்சு குருத்து போயிடும். வாஷிங்டோனியா ஃபிலிஃபெரா இதுக்கு நல்ல உதாரணம், காஞ்ச ஊர்ல மைனஸ் 10 தாங்குறது ஈர ஊர்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே மண்டையப் போடும்.

2021 பிப்ரவரில அமெரிக்காவோட டெக்சஸ் மாநிலத்துல வந்த குளிர் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு பெரிய பரீட்சை மாதிரி ஆயிடுச்சு. நாள் கணக்குல குளிர் விடவே இல்ல, சான் அன்டோனியோவுல மைனஸ் 12க்கும் கீழ போச்சு. வருஷக்கணக்கா ஜம்முனு நின்ன வாஷிங்டோனியா ரோபஸ்டா மரங்கள் வரிசையா செத்துச்சு, குவீன் பாமும் அப்படியே, ஆனா சபால் வகைகள் பெருசா அலட்டிக்கல. அதுக்கு முன்னாடி பல வருஷம் லேசான குளிரா இருந்ததால எல்லாமே ஒரே மாதிரி தெம்பா இருக்குறதா தோணிச்சு. நாலு லேசான குளிர் காலத்த வச்சு "இங்க இது நல்லா வருதுப்பா"னு முடிவு பண்ணக்கூடாது.

ரோபஸ்டான்னதும் ஒண்ணு சொல்லணும். நர்சரில ஃபிலிஃபெராவும் ரோபஸ்டாவும் கலந்துதான் வரும், ரெண்டும் கலந்த கலப்பினமும் வரும், குளிர் தாங்குறதுல ரெண்டுக்கும் மூணு நாலு டிகிரி வித்தியாசம். கன்னா இருக்கும்போது ஓலைக்காம்போட அடியப் பாருங்க, அங்க செம்பழுப்பா நிறம் ஓடுச்சுன்னா, ஓலையும் பளபளன்னு நல்ல பச்சையா இருந்தா, ரோபஸ்டா பக்கம். ஓலை சாம்பல் கலந்த பச்சையா, ஓரத்துல வெள்ளை வெள்ளையா நூல் நிறைய தொங்கி, தூர் தடியா இருந்தா ஃபிலிஃபெரா பக்கம்.

ஸோன் மேப், அதாவது குளிர் அளவ வச்சு இடங்களப் பிரிச்சுக் காட்டுற மேப், அதப் பத்தியும் ஒரு வார்த்தை. அமெரிக்க விவசாயத் துறையோட ஸோன் நம்பர் உலகம் பூரா பாமுக்குச் சொல்லப்படுது, கடைசியா 2023ல புதுசா வந்தது. அதுல ஸோன் 8னா வருஷத்தோட மிகக் குறைஞ்ச வெப்பநிலை சராசரியா மைனஸ் 12.2லேருந்து மைனஸ் 6.7க்குள்ள. சராசரிங்கறத நல்லா கவனிங்க, அதுக்குக் கீழ போற வருஷமும் நிறைய வரும். அதோட அந்த நம்பர்ல குளிர் எத்தன நாள் நிக்கும், மழை உண்டா, வெயில் காலம் எவ்ளோ சூடு, எதுவுமே கிடையாது. வெயில் காலம் ஏன்னு கேப்பீங்க, நீடில் பாமும் சபாலும் நல்ல சூடான கோடை இருந்தாதான் வளந்து தெம்பு சேக்கும், மிதமான கோடை உள்ள இடத்துல வருஷத்துக்கு ஒரு ஓலை விடவே யோசிக்கும். ட்ராக்கிகார்பஸ் அப்படியில்ல, மிதமான கோடைலயும் வளரும். கோடை மந்தமா இருக்குற எடத்துல, லேபிள் நம்பர்ல பின்னாடி நிக்கிற ட்ராக்கிகார்பஸ்தான் நிஜத்துல ஜெயிக்கும்.

உங்க தோட்டத்துலயே ஒப்பிடணும்னா ஒரே சைஸ், ஒரே வயசுக் கன்னா வாங்குங்க. இளங்கன்னு பெரிய மரத்தவிட சில டிகிரி கம்மியாத்தான் தாங்கும், அதனால உங்க வீட்டுக் கன்ன பக்கத்து வீட்டுப் பெரிய மரத்தோட ஒப்பிடுறதுல அர்த்தமே இல்ல. தொட்டில இருக்குறதயும் மண்ணுல இருக்குறதயும் ஒப்பிடாதீங்க, தொட்டில வேரு காத்தோட குளிருக்கே வந்துடும். குறைஞ்சது, கூடினது ரெண்டையும் பதிஞ்சு வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ண செடியோட கொண்டை உயரத்துல, வெட்டவெளில மாட்டுங்க, சுவத்துல மாட்டினா சுவரோட சூட்டத்தான் காட்டும். காத்தில்லாத, மேகமில்லாத ராத்திரில தரையோட ஒட்டின காத்து வானிலை அறிக்கைல சொல்றதவிட சில டிகிரி கீழ இருக்கும், குட்டிக் கன்னு நிக்கிறது அந்தக் காத்துலதான். மரத்தடி, வீட்டுக் கூரை ஓரம், சுவத்து ஓரம்லாம் ரெண்டு மூணு டிகிரி மிச்சம் பண்ணும், ஆனா ஒண்ண அங்க வச்சுட்டு இன்னொண்ண நடுத் தோட்டத்துல வச்சா ஒப்பீடு காலி. துணி சுத்தி மூடுறதும் அப்படித்தான், மூடினா ரெண்டையும் மூடுங்க, இல்லன்னா ரெண்டையும் விடுங்க.

குளிர் முடிஞ்ச மறுநாளே போய் ரிசல்ட் எழுதாதீங்க, பாம் தான் செத்துப்போனத வாரக்கணக்கு கழிச்சுத்தான் காட்டும். வெயில் ஏற ஆரம்பிச்சதும் விரியாம நிக்கிற நடுக் குருத்த மெதுவா இழுத்துப் பாருங்க. அசையலன்னா நல்லது. கையோட வந்துடுச்சுன்னா அடிய மோந்து பாருங்க, பழுப்பா கொழகொழன்னு நாத்தம் அடிச்சா குருத்தழுகல், ஆனா அதோட மரம் முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல, பல நேரம் கீழ வளர்ற இடம் உசுரோட இருக்கும். அழுகின ஓலைய எடுத்துட்டு, உள்ள தேங்கின தண்ணிய வடிச்சு, செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி மருந்த லேபிள்ல சொல்ற அளவுல ஊத்தி, மறுபடி மழைத்தண்ணி இறங்காம மேல ஏதாவது கவுத்து வைங்க. அப்பறம் குருத்துல பேனாவால ஒரு கோடு போட்டு விடுங்க, பக்கத்து ஓலைக்காம்புலயும் அதே மட்டத்துல ஒரு கோடு, குருத்துக் கோடு மேல ஏறிச்சுன்னா வளருதுன்னு அர்த்தம்.

பாதி பச்சை பாதி கருப்பா இருக்குற ஓலைய குளிர் காலம் முழுசா முடியற வரைக்கும் வெட்டாதீங்க, பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா அதுதான் குருத்துக்குப் போர்வை, மிச்சப் பச்சையும் மரத்துக்குச் சாப்பாடு போட்டுட்டு இருக்கும். மூணாவது கட்டத்த நிரப்ப அவசரப்படாதீங்க, கோடை பூரா போயும் புது ஓலை ஒண்ணுகூட வரலன்னா அப்பறம் எழுதிக்கலாம்.